ஜஹீரா எழுந்து போன நேரம்

செம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற அந்தத் தெருவில் யார் யார் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று தெரிந்துகொள்ள ஜோசியம் எல்லாம் வேண்டியதில்லை. ஜஹீராவைக் கேட்டால் போதும். மெயின் ரோட்டுப் பக்கம் இருக்கிற முஸ்லிம் வீடுகள் ஒன்றிரண்டு தவிர எல்லாம் அவள் கட்சி. கோடியில் சர்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற வீடுகள் எதிர்க்கட்சி. நடுவில் புதிதாக வந்த அடுக்குமாடிக்காரர்கள் எந்தக் கட்சியும் இல்லை. ஓட்டுப் போடும் நாளில் லீவு கிடைத்ததென்று இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள், சாயந்திரம் மை படாத விரலை ஆட்டி ஆட்டி 'இந்த ஊரு உருப்படாது' என்பார்கள். அது எந்தக் கட்சி, இது எந்தக் கட்சி என்று என்னைக் கேட்காதீர்கள். பேரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் கதையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வந்துவிடுவீர்கள்.

ஜஹீரா ஜாக்கெட் தைக்கிறவள். வீட்டு முன்னறையில் ஒரு மிஷின், ஒரு கண்ணாடி, சுவரோரம் துணி மூட்டைகள். புருஷன் ஜலால் தோல் பெல்ட்டும் பர்ஸும் செய்து வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் கடை போடுகிறவர். வாயில்லாப் பூச்சி. வீட்டில் வாய் முழுக்க ஜஹீராவுக்குத்தான். அளவெடுக்க இஞ்ச் டேப்பை இடுப்பில் சுற்றும்போது எந்தப் பொம்பளையும் பொய் சொல்ல மாட்டாள் என்பது அவள் கண்டுபிடிப்பு. மாமியார் கொடுமையும் அப்போது வரும், ஓட்டு யாருக்கென்பதும் அப்போது வரும். தெருவையே அளந்து வைத்திருக்கிறோம் என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது. இருக்கட்டுமே, கெட்டிக்காரிக்கு அதுகூடவா இருக்கக் கூடாது!

அவளுடைய கட்சியின் வட்டப் பிரமுகர் வைத்தீஸ்வரன். சிமென்ட், பெயின்ட், கம்பி விற்கிற கடை வைத்திருந்தார். அவருக்காக ஜஹீரா உயிரை விடுவாள் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. 2005-ல் ஊரே மிதந்த மழையில் அந்தத் தெருவில் மார்பு மட்டம் தண்ணீர் நின்றது. ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஸ்கூல் மாடிக்கு ஓடினார்கள். ஜஹீரா மட்டும் வாசலில் நின்று, "ஐயோ என் மிஷினு, என் மிஷினு" என்று அலறிக்கொண்டிருந்தாள். வைத்தீஸ்வரன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், மிஷினை ஸ்டாண்டிலிருந்து கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்தே போய் மாடியில் இறக்கினார். "அழாத தங்கச்சி, இதுதானே உனக்குச் சோறு" என்றார். கூடப் பிறந்தவன்கூட அப்படி வரமாட்டான். அன்றிலிருந்து வைத்தி அண்ணன் சொன்னால் ஜஹீராவுக்கு மறுபேச்சு கிடையாது.

அந்தத் தண்ணீர் ஏன் வந்தது என்பதும் தெருவுக்குத் தெரியும். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் போக ஒரு கால்வாய் இருந்தது. பிளாட் போட்டு விற்கிற ராஜாராமன் அதை மண்ணடித்துத் தூர்த்து, கல் நட்டுவிட்டான். கேட்க நாதியில்லை. மறுவருஷம் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது அதே ராஜாராமன் எதிர்க்கட்சி சார்பாக வார்டு கவுன்சிலருக்கு நின்றான். இந்தப் பக்கம் வைத்தீஸ்வரன்.

"ஜெயிச்ச மறுமாசமே ஜேசிபி வந்து நிக்கும் தங்கச்சி. கால்வாயத் தோண்டாம நான் செருப்புப் போட மாட்டேன்" என்றார் வைத்தீஸ்வரன்.

ஜஹீரா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். தன் வாக்கையும் சேர்த்துக் கொடுத்தாள். "அண்ணன் தோண்டலன்னா என்ன வந்து கேளுங்க, நான் பொறுப்பு." எதிர் வீட்டு மாடியில் குடியிருந்த சோயாவின் புருஷன் இர்ஃபான் வழிவழியாக ராஜாராமனின் கட்சி. சோயா அவனோடு இரண்டு நாள் பேசாமல் இருந்து, "இந்தத் தபா ஜஹீராக்கா சொல்ற ஆளுக்குத்தான் போடுவேன், போன மழைல புள்ளையத் தூக்கிக்கினு ஓடனது நானு, உங்க கட்சி இல்ல" என்று சொல்லிவிட்டாள். சர்ச் பக்கத்து வீடுகளில்கூட நாலைந்து பேர் தலையாட்டினார்கள். இத்தனை வருஷத்தில் அந்தத் தெரு ஒரு பக்கமாகச் சாய்ந்தது அதுதான் முதல் தடவை.

இங்கே ரத்தினபாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சேலையூரில் இருந்தார், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு அந்தத் தெருக்கோடி சர்ச்சுக்கு வருவார், ஒரு தனியார் ஸ்கூலில் ஆபீஸ் வேலை, புருஷன் செத்துப் போனவர். புருஷனோடு சேர்ந்து கட்சியும் அவருக்கு வந்தது. அது ராஜாராமனின் கட்சி. ஒவ்வொரு தேர்தலிலும் ஜஹீராவும் ரத்தினபாயும் ஒரே பூத்துக்கு ஏஜென்ட். பூத் ஏஜென்ட் என்றால் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து, ஓட்டுப் போட வருகிறவர் அசல் ஆள்தானா என்று முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். வேற்று ஆள் வந்தால் அந்த நிமிஷமே எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். மை வைத்த பிறகு கத்திப் பிரயோஜனமில்லை.

எதிரெதிர்க் கட்சி, ஒரே பெஞ்சு. முதல் தேர்தலில் முறைத்துக்கொண்டார்கள். இரண்டாவது தேர்தலில் ரத்தினபாயின் எலுமிச்சை சாதத்தை ஜஹீரா சாப்பிட்டாள். அப்புறம் அதுவே ஒரு வழக்கமாகிவிட்டது. ஜஹீரா மதியம் லுஹர் தொழ வீட்டுக்குப் போவாள். போகும்போது, "அக்கா, பாத்துக்கோங்க" என்பாள். "போய்ட்டு வாம்மா, நான் பாத்துக்கிறேன்" என்பார் ரத்தினபாய். அவள் வருகிற வரைக்கும் இரண்டு கட்சிக்கும் அவரே காவல். தன் கட்சிக்காரனே கள்ள ஓட்டுக்கு வந்தபோதுகூட ஒரு தடவை எழுந்து நின்று, "தம்பி, இந்தப் பேருக்காரர் எங்க சர்ச்சுல கொயர் பாடுறவர், நீ யாரு?" என்று கேட்டுத் துரத்தினவர். ரத்தினபாய் சாப்பிடப் போனால் ஜஹீரா காவல். பெருநாளுக்கு இங்கிருந்து பிரியாணி போகும், கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து கேக் வரும்.

2006 தேர்தல் நோன்பு மாதத்தில் வந்தது. விடியுமுன் சஹர் சாப்பிட்ட கையோடு ஜஹீரா பூத்துக்குப் போய்விட்டாள். வெயில் ஏற ஏற நாக்கு வறண்டது. ஆனால் தெருப் பெண்கள் வரிசையில் நின்று ஜாடையாய்ச் சிரித்துவிட்டுப் போகும்போது அவளுக்குப் பசியே தெரியவில்லை. மதியம் வைத்தீஸ்வரன் தன் கடையைப் பார்த்துக்கொள்கிற எலியேசரைக் கூட்டி வந்து உள்ளே அனுப்பினார். வாசலில் நின்று அவரே சொன்னார்: "நோன்பு வெச்சுகினு இப்படிக் காயாத தங்கச்சி. எலியேசர் உன் எடத்துல உக்காரட்டும். நீ நிதானமா தொழுதுட்டு, செத்த படுத்துட்டு வா."

இதற்கு முன்னால் மாற்று ஆள் என்று யாரையும் அவர் அனுப்பினதில்லை. ஜஹீராவுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்திருக்கும்போது வழக்கம்போல, "அக்கா, பாத்துக்கோங்க" என்றாள். ரத்தினபாய் அவள் முகத்தைப் பார்த்தார், எலியேசர் முகத்தைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. அக்காவுக்கும் பசி போல என்று நினைத்துக்கொண்டு ஜஹீரா போனாள். தொழுதாள், அண்ணன் ஜெயிக்க வேண்டும் என்று துஆ கேட்டாள், பாயில் கொஞ்சம் சாய்ந்தாள். பாவி மகள், கண் அசந்துவிட்டாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது. எலியேசர் எழுந்து போனான். அப்புறம் சோயா வந்தாள். பேரைத் தேடிய அதிகாரி, "உங்க ஓட்டுப் போட்டாச்சே" என்றார்.

"நான் இப்பதானே சார் வர்றேன்! விரலப் பாருங்க!"

சோயாவுக்குப் பின்னால் வந்தவள் ஓட்டும் போடப்பட்டிருந்தது. அதற்குப் பின்னால் வந்த கிழவர் ஓட்டும் அப்படியே. துபாயில் இருக்கிறவன், பள்ளிக்கரணைக்கு வீடு மாறிப் போனவள், எல்லாரும் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள், ஜஹீரா பாயில் சாய்ந்திருந்த நேரத்தில். நிஜமான ஆள்களுக்குத் தனியாக ஒரு ஓட்டுச்சீட்டுக் கொடுத்து, அதை வாங்கிக் கவரில் போட்டு ஒட்டி வைத்தார்கள். அது எண்ணிக்கையில் சேராது. கோர்ட்டுக்குப் போனால்தான் பிரிப்பார்களாம். "உங்க கட்சி ஏஜென்ட் ஒக்காந்துதானேம்மா இருந்தாரு? அவரு ஆட்சேபிக்கலையே" என்றார் அதிகாரி.

எலியேசரைக் கூப்பிட்டுக் கேட்டால், "எனக்கு இந்தத் தெரு ஆளுங்க மொகம் தெரியாதுக்கா" என்று கையை விரித்தான்.

அவனுக்குத் தெரியாது. ரத்தினபாய்க்குத் தெரியுமே! ஜஹீரா அவர் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க இங்கதானே குந்திகினு இருந்தீங்க? சோயாவ உங்களுக்குத் தெரியாதா? என் வூட்டுல எத்தினி தபா பாத்துகீறீங்க?"

ரத்தினபாய் மடியில் இருந்த கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயத் தொறந்து பேசுங்கக்கா!"

"எங்கிட்ட எதுக்கும்மா கேக்குற" என்றார் அவர், மெதுவாக.

அவ்வளவுதான். ஜஹீராவுக்கு வந்த ஆத்திரத்தில் பூத், போலீஸ், நோன்பு எல்லாம் மறந்துபோனது. "பொட்டாட்டம் இருந்து கழுத்த அறுத்துட்டியே! ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஜெபம் பண்ற வாயா அது? உன் கையால வாங்கித் தின்னேனே, த்தூ!" என்று கத்தினாள். 'நீங்க' போய் 'நீ' ஆகிவிட்டது. ரத்தினபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ராஜாராமன் ஜெயித்தான். கொஞ்ச ஓட்டு வித்தியாசம்தான். வைத்தீஸ்வரன் ஜஹீரா வீட்டுக்கே வந்து ஆறுதல் சொன்னார். "விடு தங்கச்சி, அந்தப் பொம்பள பண்ண துரோகம். நீ என்ன பண்ணுவ."

"கேஸ் போடலாம்ண்ணே. சோயா சாட்சி சொல்லுவா, நான் சொல்றேன். அந்தக் கவரப் பிரிக்கட்டும்."

"கோர்ட்டுன்னு போனா அடுத்த எலெக்ஷனே வந்துரும்மா. பாத்துக்கலாம்" என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த டிசம்பரில் கேக் வரவில்லை. வந்தால் நாய்க்குப் போடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், கிறிஸ்துமஸ் அன்றைக்குக் காலையிலிருந்து வாசலை வாசலைப் பார்த்தாள். பார்த்தாள் என்று நான் சொன்னேன் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். தைக்கிற துணியும் குறைந்துகொண்டே வந்தது. காலம் மாறிப்போச்சு, எல்லாரும் ரெடிமேட் வாங்குகிறார்கள் என்று ஜலாலிடம் சொன்னாள். ஜலால் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போது சொல்லியிருக்கிறார்!

மறுவருஷம் மழைக்கு முன்னால் வாசற்படியை உயர்த்திக் கட்டலாம் என்று ஜலால் சிமென்ட் வாங்கப் போனார். மூட்டை இல்லாமல் திரும்பி வந்தார்.

"வைத்தி அண்ணன் புது குடோன் எங்க கீது தெரியுமா?" என்றார்.

"எங்க?"

"நீயே போய்ப் பாரு."

ஜஹீரா போய்ப் பார்த்தாள். ராஜாராமன் தூர்த்த கால்வாய் மேலேயே, நட்ட நடுவில், தகரக் கூரை போட்டு நின்றது வைத்தீஸ்வரனின் சிமென்ட் குடோன். வாசலில் காய்ந்த வாழைமரம் இன்னும் கட்டியிருந்தது. உள்ளே மேஜையில் எலியேசர். இவளைப் பார்த்ததும் குனிந்து எதையோ தேடினான். சுவரில் திறப்பு விழா போட்டோ: ரிப்பன் வெட்டுகிறவன் ராஜாராமன், பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறவர் வைத்தி அண்ணன். இரண்டு பேர் காலிலும் புதுச் செருப்பு.

வைத்தீஸ்வரன் பின்னாலிருந்து வந்தார். "வா தங்கச்சி, ஒரு போன் பண்ணியிருந்தா மூட்டைய நானே அனுப்பியிருப்பேனே."

"இன்னாண்ணே இது?"

"யாவாரம் வேற, கட்சி வேற. நீ போட்டுக் கொழப்பிக்காத."

"மழ வந்தா அந்தத் தண்ணி எங்கண்ணே போவும்?"

"இந்த வருஷம் மழையே இல்லன்றான் ரேடியோல" என்று சிரித்தார்.

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்களே, அந்தப் பழமொழிக்குச் சட்டை பேன்ட் போட்டுவிட்டது போல நின்றார் மனுஷன். அவர் ஏன் எலியேசரை அனுப்பினார், ஏன் செத்த படுத்துட்டு வா என்றார், ஏன் கேஸ் வேண்டாம் என்றார், எல்லாம் அவளுக்கு அங்கேயே விளங்கிவிட்டது. வார்டையே விற்றிருக்கிறார். தெருப் பெண்களிடம் இவள் கொடுத்த வாக்கையும் சேர்த்து விற்றிருக்கிறார். அங்கே அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நேராகச் சேலையூருக்கு நடந்தாள்.

ரத்தினபாய் கதவைத் திறந்தார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஜஹீரா நின்றபடியே குடோனைப் பற்றிச் சொன்னாள். "நான்தான் ஆள் தெரியாம உங்கள வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சிருங்கக்கா. அவன்தான் பண்ணான்."

ரத்தினபாய் நாற்காலியில் உட்கார்ந்தார். "உனக்கு நெஜமாவே தெரியாதா?"

"இன்னா தெரியாதா?"

"மொத ஆள் வந்தப்ப நான் எழுந்திரிச்சேன்மா. எலியேசர் என் கையப் புடிச்சு, 'உக்காருங்கக்கா, ரெண்டு பக்கமும் பேசி முடிச்சாச்சு'ன்னான். உங்க ஆளே சொல்றான், உன் எடத்துல உக்காந்துகிட்டு. அப்ப…"

"அப்ப?"

"நீ எழுந்து போனதே அதுக்குத்தான்னு நெனச்சேன்."

"அக்கா… நான் தொழப் போனேன்."

"தெரியுதும்மா, இப்ப."

"நோன்பு வெச்சுகினு, தொழப் போறேன்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டுப் போவேனா? என்னையா அப்படி நெனச்சீங்க? எத்தினி வருஷம்க்கா, ஒரே பெஞ்சுல!"

"எல்லாத்தையும் பேசி வெச்சுட்டு, கடைசில எல்லார் முன்னாடியும் என்னைத் துரோகின்னு கத்துனியே. எப்படி நடிக்கிறா பாருன்னு நெனச்சு வீட்டுக்கு வந்து அழுதேன்" என்றார் ரத்தினபாய்.

அப்புறம் ஜஹீரா கேட்டாள்: "சரிக்கா. என்னத் தப்பா நெனச்சீங்க, போவுது. ஆனா வந்தவங்க கள்ள ஓட்டுன்னு உங்களுக்குத் தெரியும். அப்பயும் வாயத் தொறக்கலையே. உங்க கட்சிக்கு வுழுதுன்னுதானே?"

ரத்தினபாய் நல்ல மனுஷி. பொய் சொல்லவில்லை. "ஆமா" என்றார்.

ஜஹீரா திரும்பி நடந்தாள். அவர் வாசல் வரை வந்து, "ஜஹீரா, உங்க தெருவுலயும் அப்படித்தான் பேசிக்கிறாங்க. வைத்தீஸ்வரன்கிட்ட வாங்கிட்டுத்தான் நீ எழுந்து போனேன்னு. யாரும் உங்கிட்ட சொல்லலையா?" என்றார்.

யார் சொல்வார்கள்? இஞ்ச் டேப்பைச் சுற்றினால் பொய்யே சொல்லாத பெண்கள் அவள் வீட்டுக்கு அளவு கொடுக்கவே வரவில்லையே. ரெடிமேடாவது மண்ணாவது! ராத்திரி ஜலாலைப் பிடித்து உலுக்கினாள். உனக்குத் தெரியுமா என்றாள். தெரியும் என்றார். ஏன் சொல்லவில்லை என்றாள். "நீ தாங்க மாட்டேன்னு" என்றார் அந்த மனுஷன். அவள் மறுநாளே சோயாவிடம் போய், அல்லா மேல் சத்தியம் பண்ணி நடந்ததைச் சொன்னாள். சோயா, "சரிக்கா, விடு, முடிஞ்சுபோனத எதுக்குப் பேசிக்கினு" என்றாள். கண் மட்டும் இவளைப் பார்க்கவில்லை.

ரேடியோ சொன்னது பொய்யாகி, ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜலால் பல்லாவரம் சந்தையில் மாட்டிக்கொண்டிருந்தபோது, ஏரித் தண்ணீர் போக வழியில்லாமல் தெருவுக்குள் திரும்பியது. உயர்த்தாத வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. தெரு முழுக்க மாடிகளில் நின்று பார்த்தது. ஜஹீரா மிஷின் பக்கத்தில் நின்றாள். போன தடவை போல அலறவில்லை. அலறினால் யார் வருவார்கள்?

வந்தார், வைத்தீஸ்வரன்தான் வந்தார்! லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்புத் தண்ணீரில், அதே போல. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்ட வந்துவிட்டார். "தங்கச்சி, நகரு நகரு, மிஷின் நனையப் போவுது" என்று உரிமையோடு உள்ளே நுழைந்து, கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினார். ஜஹீரா நிமிர்ந்து பார்த்தாள். எதிர் மாடியில் சோயா, அவள் பக்கத்தில் இர்ஃபான், இந்தப் பக்கம் நாலு பெண்கள். எல்லார் கண்ணும் அந்த மிஷின் மேல். பார்த்தாயா, அண்ணனும் தங்கச்சியும் என்று அந்தக் கண்கள் பேசிக்கொண்டது அவளுக்குக் கேட்டது.

"கீழ வைங்க" என்றாள்.

"இன்னாம்மா?"

"என் மிஷினக் கீழ வைங்க."

"தண்ணிம்மா! பைத்தியமா உனக்கு?"

"கால்வாய மூடிட்டு என் மிஷினக் காப்பாத்த வந்துட்டியா? உன் கை பட்டு அது பொழைக்க வேணாம். கீழ வை!" தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள்.

வைத்தீஸ்வரன் மாடிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முனகிக்கொண்டே மிஷினைத் தண்ணீரில் இறக்கிவிட்டுப் போனார். கறுப்பு மிஷின் கலங்கல் தண்ணீருக்குள் மறைந்தது. அவளுக்குச் சோறு போட்டது அது. ஜஹீரா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எதிர் மாடியிலிருந்து சோயாவின் குரல் வந்தது. புருஷனிடம்தான் சொன்னாள், ஆனால் மழை அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது.

"யப்பா, இன்னா நடிப்பு நடிக்குதுங்க ரெண்டும்."

தண்ணீர் வடிந்ததும் ஜலால் மிஷினை அக்கக்காகப் பிரித்து, துடைத்து, வெயிலில் காயவைத்து, எண்ணெய் ஊற்றிப் பூட்டினார். ஜஹீரா உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாள். நன்றாகவே ஓடியது. தைக்கத் துணி கொண்டுவரத்தான் அந்தத் தெருவில் யாரும் வரவில்லை.